சன்னாசி வாங்கி வைத்த நாட்கள்

தவுட்டுமட்டத்துக்காரர்கள் பழைய பேப்பரை விரித்து அதிலிருந்து வெயில் எடுத்துக் குளிர்காய்ந்த மார்கழி ஒன்று உண்டு. கேட்கிறவர்கள் நம்புவதில்லை. கூட இருந்தவர்களோ அதைப் பெரிய சங்கதியாகவே சொல்வதில்லை. அந்த வருஷம் உறைபனி ஜாஸ்தி, தேயிலையெல்லாம் கருகிப்போச்சு, நல்லவேளையாகச் சிகப்பாயி வீட்டில் பேப்பர் இருந்தது என்று, என்னவோ பக்கத்து வீட்டில் விறகு இருந்ததைப் போலச் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

மலையின் அந்தப் பக்கம் பஸ் போகிற கடைசி ஊர் அது. சிலோனிலிருந்து கப்பலேறித் திரும்பியவர்களுக்கென்று போட்ட தேயிலைத் தோட்டம், தோட்டத்துக்கு நடுவே வரிசை வரிசையாக ஒட்டிக் கட்டிய ஓட்டு வீடுகள், அந்த வரிசைக்கு லயம் என்று பேர். உலகமெல்லாம் காலையில் காப்பியோடு படித்து முடிக்கிற பேப்பர் தவுட்டுமட்டத்துக்குச் சாயங்கால பஸ்ஸில்தான் வந்து இறங்கும். அதனால் பேப்பர் படிப்பது என்பது அங்கே விளக்கு வைத்த பிறகு செய்கிற காரியம். அன்றைய நாள் முழுவதையும் வாழ்ந்து முடித்துவிட்டு, அந்த நாளில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள உட்காருவார்கள். யாருக்கும் அதில் ஒரு குறையும் தெரிந்ததில்லை.

சன்னாசிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பேப்பர் இல்லாமல் ஒரு நாள் இருக்கமாட்டார். மாலை பஸ் வந்ததும் பீரான் காக்கா டீக்கடையில் பேப்பரை வாங்கி, சாரலில் நனையாமல் ஸ்வெட்டருக்குள் நெஞ்சோடு செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அடுப்படியில் கிடக்கும் முக்காலியில் உட்கார்ந்து, "பேப்பரு வந்துருச்சு புள்ள" என்பார். அவர் பெண்சாதி சிகப்பாயி தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள். வாய்விட்டுத்தான் அவளுக்குப் படிக்க வரும். வாயை மூடினால் எழுத்து உள்ளே போகாது. அவள் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கூட்டி ஒரு செய்தியை முடித்ததும் சன்னாசி "அப்புறம்?" என்பார். அடுத்ததை முடித்ததும் "அப்புறம்?". கடைசிப் பக்கம் வரைக்கும் இப்படியே போகும், பிறகு சாப்பாடு.

பேப்பரில் இருப்பதை இருக்கிறபடி படித்தால் அந்த மனுஷனுக்குச் சோறு இறங்காது என்பதைச் சிகப்பாயி சீக்கிரமே கண்டுகொண்டாள். முகம் தெரியாத ஏதோ ஊரில் பஸ் கவிழ்ந்து ஆள் செத்தால் இவர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் போய் வாசலில் இருட்டில் நிற்பார். அதனால் அவள் செத்தவர்களைக் குறைக்க ஆரம்பித்தாள். பத்துப் பேர் என்று இருந்தால் இரண்டு பேர் என்பாள், இரண்டு என்று இருந்தால் காயம் என்பாள். போகப் போக, அவள் படித்த பேப்பரில் கவிழ்ந்த பஸ்ஸிலிருந்து எல்லோரும் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து வீட்டுக்கு நடந்தார்கள், வெள்ளத்தில் போன மாடுகள் அடுத்த ஊரில் கரையேறின, காணாமல் போன பிள்ளைகள் மாமன் வீட்டில் இருந்தார்கள். சன்னாசி நிம்மதியாகச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்கினார். இதில் என்ன பாவம் என்று அவள் நினைத்தாள்.

ஆனால் ஒரு தீபாவளி வந்தது. குடும்பத்தில் பாதிப்பேரை இந்தியா என்றும் பாதிப்பேரைச் சிலோன் என்றும் பிரித்து எழுதிய காலத்தில், சன்னாசியின் தம்பி மருதை அக்கரையிலேயே நின்றுவிட்டவன். அங்கே நடந்த கலவரத்துக்குப் பிறகு அவனிடமிருந்து கடிதம் வருவது நின்றுபோயிருந்தது. அன்றைக்குத் தம்பி ஞாபகத்தில் பலகாரத்தைக்கூடத் தொடாமல் சன்னாசி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க, அவள் பேப்பரை விரித்து, அதில் இல்லாத ஓர் இடத்தில் விரலை வைத்து, "வர்ற தை மாசத்துலேர்ந்து ராமேஸ்வரத்துல மறுபடி கப்பல் விடுறாங்களாம். நம்ம ஆளுகளுக்குப் பாஸ்போட்டே வேணாமாம்" என்று படித்தாள். அவர் ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார். மறுநாள் காலையில் அவள் அதை மறந்தே போனாள்.

அவர் மறக்கவில்லை. தை பிறந்ததும், டவுனுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு, தம்பிக்கு ஒரு புது ஸ்வெட்டர் வாங்கிக்கொண்டு ராமேஸ்வரத்துக்கே போய்விட்டார். கடற்கரையில் நின்று கப்பல் எப்போது என்று கண்ணில் பட்டவர்களையெல்லாம் கேட்டாராம். சிரித்தவர்கள் சிரித்தார்கள், இரக்கப்பட்டவர்கள் டீ வாங்கிக் கொடுத்தார்கள். திரும்பி வந்தவர் கத்தவில்லை, கை ஓங்கவில்லை. பிரிக்காத ஸ்வெட்டரை ஆணியில் மாட்டிவிட்டு, "இனிமே எனக்குப் பேப்பர் படிக்காத" என்றார், அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையோடு அந்த வீட்டுக்குள் இருக்க முடியாமல் சிகப்பாயி மேட்டுப்பாளையத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள். கூப்பிட்டால் வரலாம் என்று இருந்தாள். சித்திரையில் கூப்பிட்டார்கள், சன்னாசி ராத்திரி படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை என்று சொல்லத்தான் கூப்பிட்டார்கள்.

அடக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகுதான் அவள் அந்தக் குவியலைப் பார்த்தாள். முக்காலிக்குப் பக்கத்தில், கொழுந்து கட்டும் சாக்கைப் போட்டு மூடி, இடுப்பளவுக்குப் பேப்பர். அவள் போன மறுநாளிலிருந்து ஒரு நாள் விடாமல் வாங்கியிருக்கிறார். அவளுக்குச் சுருக்கென்றது. யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள், பொய் சொல்லாத யாரோ, என்று நினைத்தாள். பீரான் காக்காவிடம் கேட்டதற்கு அவர், "எனக்கெங்ஙனே தெரியும் சிகப்பாயி? வருவாரு, வாங்குவாரு, பேசாமப் போவாரு" என்றார். அவள் சாக்கை மறுபடி இழுத்து மூடிவிட்டாள். அடைமழை மாதங்கள் முழுக்க அந்தக் குவியல் அப்படியே இருந்தது, அவளும் அதன் பக்கம் திரும்பாமலே அடுப்பு மூட்டிச் சாப்பிட்டாள்.

மார்கழியில் உறைபனி விழுந்தது. காலையில் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது, குழாயில் தண்ணீர் நின்றது, கோழிகள் முட்டையிட மறுத்தன. ஒரு சாயங்காலம் விறகு ஈரமாக இருந்து பிடிக்காமல் போக, அடுப்பு மூட்ட ஆகட்டும் என்று சிகப்பாயி சாக்கைத் தூக்கி, குவியலைப் புரட்டிப் போட்டு, அடியில் கிடந்த முதல் பேப்பரை எடுத்தாள். மடிப்பு கலையவே இல்லை. அடுத்ததை எடுத்தாள், அதுவும் அப்படியே. மொத்தக் குவியலிலும் ஒரு பேப்பர்கூட விரிக்கப்படவில்லை. ஒருத்தரும் அவருக்குப் படித்துக் காட்டவில்லை.

படிக்காத பேப்பரை எரிக்க அவளுக்கு மனம் வரவில்லை. அந்த மனுஷன் நெஞ்சோடு வைத்துக் கொண்டுவந்ததை ஒரு தடவையாவது படித்துவிட்டு எரிப்போம் என்று, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, முதல் பேப்பரைப் பிரித்து, வழக்கம்போல வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள். ஏதோ ஒரு பாலத்தின் திறப்பு விழா. அதைப் படித்து முடிப்பதற்குள் அறைக்குள் தை மாதம் வந்துவிட்டது.

வெளியே பனி விழுவதற்கு முன்பாகத் துடைத்துவைத்தது போன்ற வானம். உள்ளே ஓட்டின் மேல் மெல்லிய சாரல் சத்தம், ஜன்னலில் காலை நேரத்துச் சாம்பல் வெளிச்சம், கொடியில் காயாத கம்பளியின் வாடை. பக்கம் புரட்டப் புரட்ட வெளிச்சம் நகர்ந்தது. நடுப்பக்கத்தில் மத்தியானம், விளையாட்டுச் செய்தியில் அந்தி. கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது கதவின் கொக்கி விழுந்தது, ஈரச் செருப்பு தேய்ந்தது, அவளுக்குத் தெரிந்த இருமல் ஒன்று கேட்டது, முக்காலி முனகியது. வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு பேப்பரைத் தரையில் வைக்கிற சத்தம். அவள் கடைசி வரியைப் படித்து வாயை மூடியதும் எல்லாம் அடங்கி, மார்கழி திரும்பி வந்து அதன் இடத்தில் உட்கார்ந்தது.

சிகப்பாயி பயப்படவில்லை. வெறும் முக்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மனுஷன் ஒரு வார்த்தை பேசவில்லையே என்பதுதான் அவளுக்கு இருந்தது. தன்னந்தனியாக இருக்கிற மனுஷன் ஏதாவது ஒரு நாளைக்காவது வாய்விட்டு ஏதாவது சொல்லியிருக்கமாட்டாரா, கோபம் தீர்ந்ததா இல்லையா என்று ஒரு வார்த்தையில் தெரியாதா? தெரிந்தால் போதும், திட்டாக இருந்தாலும் போதும். இந்தக் குவியலை முதலிலிருந்து கடைசி வரைக்கும் வரிசையாகப் படிப்பது என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டாள். இன்னொன்றும் முடிவு செய்தாள்: ஒரு எழுத்துக் கூட்டாமல், ஒரு எழுத்துக் குறைக்காமல், அச்சில் இருப்பதை இருக்கிறபடி படிப்பது. பொய் படித்துத்தான் அந்த மனுஷனைத் தொலைத்தாள். மறுபடி பொய் படித்தால் இந்தச் சாரலும் இருமலும்கூட வராமல் போய்விடும் என்று அவள் மனது திட்டமாகச் சொன்னது.

ஒட்டு வீட்டில் ரகசியம் தங்காது. மறுநாள் அவள் படித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டு நல்லம்மா உப்புக் கேட்டு வந்தவள், வாசலில் பனியும் உள்ளே சாரலுமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "உள்ள மழ பெய்யுதே அக்கா, துணி ஏதும் கெடக்கா?" என்று கேட்டு, கொடியில் கிடந்ததை எடுத்து மடித்து வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண்பிள்ளை கோழியை வைதுகொண்டு கத்தும் சத்தம் கேட்டது. யாரிந்தக் கத்துக் கத்துறது என்று காதைத் தீட்டிய நல்லம்மா, அது தன் சொந்தக் குரல், போன தை மாதத்துக் குரல் என்று தெரிந்துகொண்டு, அன்று முழுக்க யாரிடமும் மெதுவாகவே பேசினாள்.

அதன்பிறகு சாயங்காலம் ஆனால் லயத்தில் பாதி அங்கேதான். ஒரு சாயங்காலத்துக்கு மூன்று நான்கு பேப்பராவது படித்து முடிப்பாள். ஆனால் முதல் சில நாட்கள் ஏமாற்றம். மார்கழிக் குளிருக்குப் பயந்து வந்தவர்களுக்குத் தை மாதத்துக் குளிரைத்தான் அவளால் கொடுக்க முடிந்தது. "அடியிலேர்ந்து ஏன் படிக்கிற மதினி? மேல சித்திரை கெடக்குது. அத எடு" என்றார் மேஸ்திரி அங்கமுத்து. "வரிசையாத்தான் படிப்பேன்" என்றாள் சிகப்பாயி. "வெயில் வேணுமின்னா மாசி வரட்டும்." முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனவர்கள் மறுநாளும் கம்பளியோடு வந்து உட்கார்ந்தார்கள்.

குவியலில் மாசி வந்தது. பேப்பரின் இரண்டாம் பக்கத்திலிருந்து முதல் வெயில் ஒரு பாய் அகலத்துக்குத் தரையில் விழுந்தபோது, எல்லோரும் கிழவர்களுக்கு இடம் விட்டு நகர்ந்தார்கள். அன்றிலிருந்து அதற்கென்று முறைகள் வந்தன, யாரும் கூடிப் பேசி வைத்த முறைகள் அல்ல. மூட்டுவலிக்காரர்கள் முன்வரிசை. கைப்பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்துக் கொண்டுவரலாம். படிக்கும்போது ஊர்க்கதை பேசக்கூடாது, பேசினால் சிகப்பாயிக்கு வரி தவறிப்போய் வெயில் மேகம் போட்டுவிடும். நல்லம்மா மிளகாய் கொண்டுவந்து காயப்போட்டாள். மாரியம்மன் சேலை ஒரு வாரமாகக் காயவில்லை என்று பூசாரி கொண்டுவந்து கொடியில் விரித்தார். கோழிகள் தாமாகவே வந்து ஓரமாக நின்று, அங்கேயே முட்டையிட்டுவிட்டுப் போயின.

காரணம் ஆளுக்கொன்று சொன்னார்கள். பீரான் காக்கா, இலையில் கட்டிய பரோட்டாவை மடிப்புப் பிரித்தால் ஆவி வருகிறதல்லவா, அதுதான் இது என்றார். நல்லம்மா, "ஸ்வெட்டருக்குள்ள வச்சுக் கொண்டாந்தாரே அண்ணன், அந்தச் சூடு" என்றாள். மேஸ்திரி, தவுட்டுமட்டத்தில் பேப்பர் படித்தால்தான் ஒரு நாள் முடிந்ததாகக் கணக்கு, படிக்காத நாள் முடியாமல் உள்ளேயே கிடக்கிறது என்றார். தங்கள் வீட்டுப் பழைய பேப்பர்களைச் சிலர் கொண்டுவந்து கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். அதிலிருந்து செய்திதான் வந்தது. சன்னாசியின் பேப்பரை எடுத்துப் பீரான் காக்கா கணீரென்று படித்தும் பார்த்தார். அதிலும் செய்திதான் வந்தது. சிகப்பாயி ஒரு தடவை படித்து முடித்தது மறுபடி உதவாது; அதைப் பீரான் காக்கா வடை மடிக்க எடுத்துக்கொண்டு போவார்.

கருகிய தேயிலைக்குக் கொஞ்சம் வெயில் காட்டினால் ஆகாதா என்று மேஸ்திரி ஒரு நாள் அவளைத் தோட்டத்துக்கே கூட்டிக்கொண்டு போய்ச் செடிகளுக்கு நடுவில் முக்காலி போட்டு உட்காரவைத்தார். அவள் தலையங்கம் முழுக்கப் படித்தாள். எட்ட நின்ற செடிகளுக்கு ஒன்றும் எட்டவில்லை. அவள் காலடியில் இருந்த ஒரே ஒரு செடி மட்டும் மறுநாள் தளதளவென்று கொழுந்து விட்டு நின்றது. மேஸ்திரி அதைப் பறிக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

குவியலில் பங்குனி நடந்துகொண்டிருந்த ஒரு நாள், பேப்பரின் நடுப்பக்கத்தை அவள் விரித்தபோது எதிர்ச்சுவரில் ஒரு மரத்தின் நிழல் விழுந்தது. லயத்துக்கு முன்னால் நின்ற நீலப்பூ மரம், ஆடிக் காற்றில் சாய்ந்து, வெட்டி, எல்லோரும் பங்கு போட்டு எரித்தே முடித்த மரம். அதன் நிழல் சுவரில் இலை இலையாக அசைந்தது, நிழலிலிருந்து பூ உதிர்வதுகூடத் தெரிந்தது. பூசாரி கையெடுத்துக் கும்பிட்டார். சிகப்பாயி, இந்த நிழலுக்குக் கீழேதான் அவர் இருந்திருக்கிறார், நான் மேட்டுப்பாளையத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தாள். ஆனாலும் வரியை விடவில்லை.

அன்றைய பேப்பரில் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்திருந்தது. எத்தனை பேர் என்று இருந்ததோ அத்தனை பேரையும் அவள் படித்தாள், பேரும் வயதும் ஊருமாகப் படித்தாள். முன்வரிசையில் ஒரு பிள்ளை அழுதது. "கொஞ்சம் கொறச்சுத்தான் படியேன் அக்கா. செத்தவுகளுக்குத் தெரியவா போகுது?" என்றாள் நல்லம்மா. "அந்த வேல இனிமே இல்ல தங்கச்சி" என்றாள் சிகப்பாயி.

ஒவ்வொரு பேப்பரின் கடைசிப் பக்கத்திலும் கொக்கி விழும், செருப்புத் தேயும், இருமல் வரும், முக்காலி முனகும். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுக்கும். வெகுநேரம் ஒன்றும் இருக்காது, பிறகு பேப்பர் வைக்கிற சத்தம். "ஒத்த வார்த்த பேசமாட்டேங்குறாரே அண்ணன்" என்று அங்கலாய்த்துக்கொண்டு எழுந்து போவார்கள். சிகப்பாயிக்கோ குவியல் குறையக் குறையப் பயம் ஏறியது. சித்திரையும் பாதி போனது. முடிவில் ஒரே ஒரு பேப்பர் மிஞ்சியது, சன்னாசி கடைசியாக வாங்கி வந்தது, எந்த ராத்திரியில் படுத்து எழுந்திருக்கவில்லையோ அந்த நாளின் பேப்பர்.

அதை அவள் பிரிக்கவில்லை. இதிலும் அந்த மனுஷன் பேசாமல் போய்விட்டால் அப்புறம் கேட்பதற்கு ஒரு நாள்கூட இல்லை. பிரிக்காமல் வைத்திருந்தால், பேசியிருக்கலாம் என்றாவது இருக்கும். அதை மடிப்புக் கலையாமல் தம்பிக்கு வாங்கிய ஸ்வெட்டருக்குள் சுற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பேப்பர் தீர்ந்துபோச்சு என்று ஊருக்குச் சொன்னாள். ஒன்று மிச்சம் இருப்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்கவில்லை. அவரவர் வீட்டில் அவரவர் கம்பளிக்குள் நடுங்கினார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் நல்லம்மாவின் மருமகள் செவந்திக்கு, நாள் வருவதற்கு முன்னாலேயே பிள்ளை பிறந்தது. உள்ளங்கை அளவு பெண்பிள்ளை, அழக்கூடத் தெம்பில்லை. தோட்டத்து நர்ஸ் பார்த்துவிட்டு, டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், அதுவரை உடம்பு சில்லிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். தோட்டத்து ஜீப்போ டவுனுக்குப் போயிருந்தது. ஆள் அனுப்பியாயிற்று, திரும்பி மலையேறி வர எவ்வளவு நேரம் ஆகுமோ. வெளிச்சம் மங்க மங்க ஓட்டின் மேல் பனி உறையும் சத்தம் கேட்டது, கரண்டும் போய்விட்டது. எரிகிற கரியைப் பக்கத்தில் வைத்தால் புகையில் பிள்ளைக்கு மூச்சு முட்டியது, தள்ளி வைத்தால் விரல் நுனி நீலமானது.

நல்லம்மா வந்து வாசலில் நின்றாள். கேட்கவில்லை. ஆணியில் தொங்கிய ஸ்வெட்டரை ஒரு தடவை பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்.

"எதுக்குடி நிக்கிற?" என்றாள் சிகப்பாயி. "போய்ப் புள்ளயத் தூக்கிட்டு வா."

செவந்தி பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஊர் பின்னால் வந்து நின்றது. சிகப்பாயி அந்தப் புது ஸ்வெட்டரைப் பிள்ளைக்குச் சுற்றிவிட்டு, கடைசிப் பேப்பரின் மடிப்பைப் பிரித்தாள். மேஸ்திரி லாந்தரைத் தூக்கிப் பிடித்தார்.

முதல் வரியிலேயே சித்திரை வந்தது. அந்த வருஷத்திலேயே நல்ல வெயில் அந்த நாளாகத்தான் இருந்திருக்கவேண்டும். தரையெல்லாம் மஞ்சளாகி, சுவரெல்லாம் சூடாகி, நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கம்பளியைக் கழற்றினார்கள், மேஸ்திரி லாந்தரை அணைத்தார். பிள்ளையின் விரல் நுனியிலிருந்து நீலம் மெல்ல இறங்கியது. அவள் எதையும் விடாமல் படித்தாள். மழை நிலவரம் படித்தாள், ஏல அறிவிப்பு படித்தாள், கண்ணீர் அஞ்சலி படித்தாள், மணமகள் தேவை படித்தாள், தேங்காய் விலை படித்தாள், எவ்வளவு மெதுவாகப் படிக்கமுடியுமோ அவ்வளவு மெதுவாக ஒவ்வொரு எழுத்தையும் வாயில் வைத்திருந்து படித்தாள். ஜீப் சத்தம் இல்லை. வெயில் சாய்ந்தது. கடைசிப் பக்கம் வந்தது.

கொக்கி விழுந்தது. செருப்புத் தேய்ந்தது. இருமல், அன்றைக்குக் கொஞ்சம் அதிகமான இருமல். முக்காலி முனகியது. வழக்கமான அந்த வெகுநேரம் வந்தது, போகாமல் நின்றது, பிறகு அடுப்பைப் பார்த்துப் பேசுகிற மாதிரித் தாழ்ந்த குரலில் சன்னாசி பேசினார்.

"பேப்பரு வந்துருச்சு புள்ள." கொஞ்சம் நிறுத்தினார். "பொய்யா இருந்தாலும் நீ படிச்சாத்தான் எனக்குப் பேப்பரு. வந்துரு."

பேப்பர் வைக்கிற சத்தம் கேட்டது.

சிகப்பாயிக்குக் கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. அழுதால் வரி நின்றுவிடும், வரி நின்றால் வெயில் நின்றுவிடும், அதனால் அழுதுகொண்டே படித்தாள். அச்சிட்டவர் பேர் படித்தாள், அச்சிட்ட ஊர் படித்தாள். அத்தோடு பேப்பரில் எழுத்து தீர்ந்தது. மூலையிலிருந்த வெயில் முதலில் எழுந்தது. ஓரமாக நின்றவர்கள் கம்பளியை மறுபடி இழுத்தார்கள். பிள்ளை மெல்லச் சிணுங்கியது. சாலைப்பக்கம் இன்னும் சத்தமில்லை.

அவள் பேப்பரின் ஓரத்து வெள்ளையில், எழுத்தே இல்லாத இடத்தில், விரலை வைத்தாள்.

"வர்ற தை மாசத்துலேர்ந்து ராமேஸ்வரத்துல மறுபடி கப்பல் விடுறாங்க" என்று படித்தாள். "நம்ம ஆளுகளுக்குப் பாஸ்போட்டு வேணாம்."

மூலையை விட்டுப் போன வெயில் நின்றது. பேப்பரில் அது இல்லை என்பது படிக்கத் தெரிந்தவர்களுக்கும் தெரியும், தெரியாதவர்களுக்கும் தெரியும்.

"முதக் கப்பல் போயிச் சேந்துருச்சு. அக்கரையில மருதைங்கிறவரு காலையிலேர்ந்து வந்து நின்னிருக்காரு. தல நரச்சுப்போச்சு, ஆளு நல்லாத்தான் இருக்காரு. எறங்குனவுக கிட்டெல்லாம் எங்கண்ணன் வந்துருக்காரான்னு கேட்டுக்கிட்டிருக்காரு." வெயில் திரும்பி வந்து மூலையில் உட்கார்ந்தது. அது சித்திரை வெயில் இல்லை. எந்த மாசத்து வெயில் என்று யாராலும் சொல்லமுடியவில்லை. "பள்ளத்துல விழுந்த பஸ்ஸுல இருந்தவுக எல்லாரும் எந்திருச்சு வீட்டுக்குப் போயிட்டாங்க. தவுட்டுமட்டத்துல நல்லம்மா பேத்தி, எடை கம்மியாப் பொறந்த புள்ள, டவுனுக்குப் போயி வந்து நல்லாருக்கு. அடுத்த மாசம் பேரு வைக்கிறாங்க."

வெளியே வளைவில் ஜீப்பின் வெளிச்சம் திரும்பியது. செவந்தியையும், ஸ்வெட்டருக்குள் வியர்த்துப்போன பிள்ளையையும் நல்லம்மா கைத்தாங்கலாக ஏற்றிக்கொண்டு போனாள். ஜீப் சத்தம் இறக்கத்தில் தேய்ந்து மறைந்தது. இனிப் படிக்கவேண்டிய அவசியம் ஒன்றுமில்லை. ஆனாலும் ஊர் எழுந்து போகவில்லை. சிகப்பாயியும் பேப்பரை மடிக்கவில்லை, விரல் இன்னும் அந்த வெள்ளையிலேயே இருந்தது.

முக்காலி மெல்ல முனகியது.

"அப்புறம்?" என்றது அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, சிகப்பாயி பக்கத்தைப் புரட்டினாள்.